கிழக்கு வரிசைத் தொட்டிகள்

அந்த வீட்டில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். இருவருக்கும் ஊசி போடத் தெரியாது. காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பவர்களிடம் "நாங்க செடி டாக்டருங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், மாடியில் இருந்த சின்ன டாக்டர் காய்ச்சல் மாத்திரை ஓர் அட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அதிலிருந்து தெருவில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். கீழ்வீட்டுப் பெரிய டாக்டருக்குச் சகலை மேல் எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான் என்று சொல்வார்கள். அது சரியல்ல. எரிச்சல் முன்பே இருந்தது. அன்றைக்கு அதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அக்காவைக் கட்டியவர் பெரிய டாக்டர். தங்கையைக் கட்டியவர் சின்ன டாக்டர். இருவருக்கும் ஏரிக்கரை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ஏரி என்று சொல்வது பழக்கதோஷம். தண்ணீரைக் கண்ணால் பார்த்து வெகுகாலம் ஆகிறது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை இடுப்பு உயரத்துக்கு ஆகாயத்தாமரை. கொக்குகள் அதன்மேல் தெருவில் நடப்பதுபோல நடந்து போயின. மீன்பிடிக்கிறவர்கள் வலையை மூட்டை கட்டிவிட்டு அரிவாள் எடுத்திருந்தார்கள். அறுத்த இடம் அறுத்தவன் வீடு போய்ச் சேருவதற்குள் மூடிக்கொண்டது. பூத்தபோது மட்டும் ஊதா நிறத்தில் அத்தனை அழகு. அந்த அழகைப் பார்த்து மயங்கி யாரோ ஒரு மகராசன் எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான் அது.

வந்த இடத்தில் அந்தச் செடி தலைமுறை தலைமுறையாக மாறி, உள்ளூர்த் தண்ணீருக்கென்றே ஒரு ராட்சத இனமாகிவிட்டது என்பது பெரிய டாக்டரின் வாழ்நாள் கண்டுபிடிப்பு. ஊருக்கு வெளியே கல்குவாரிப் பள்ளத்தில் சாண் உயரத்தில் மிதந்துகொண்டிருந்த அதே செடி, அவர் கணக்கில் வேறொரு குள்ள இனம். ராட்சத இனத்துக்குத் தன் பெயரையே வைத்திருந்தார். அதனால் அவருக்குப் பெருமை எவ்வளவோ, தொல்லையும் அவ்வளவு. காலையில் நடக்கப் போனால் கரையோரத்து ஆட்கள் விசாரிப்பார்கள்.

"டாக்டர் ஐயா, உங்க பேரு அழுகி நாறுதுங்க. எப்ப வாருவாங்க?"

சின்ன டாக்டர் வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஏரிச் செடியையும் குவாரிச் செடியையும் நசுக்கி, மரபணுவைப் பிரித்து இயந்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"அண்ணா, ரெண்டும் ஒண்ணுதான். இனமும் இல்ல, குலமும் இல்ல. விதை போட்டுப் பெருகின செடியா இருந்தா பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சமாவது மாறும். இது கொடி விட்டு, ஒடிஞ்சு ஒடிஞ்சு பெருகினது. அந்த ஏரி முழுக்க ஒரே ஒரு செடி. சாக்கடை விழுற இடத்துல தின்னு கொழுத்திருக்கு. குவாரியில பட்டினி கிடக்கு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் பெரிய டாக்டர்.

"அவ்வளவுதான்."

ஒரு மனிதனின் வாழ்நாளை உருளைக்கிழங்கு மென்றுகொண்டே "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? "உங்க மெஷின் மரபணுவுல நாலு இடத்தைப் பார்த்துட்டு ஜாதகம் சொல்லுது, சகலை. செடியைக் கேளுங்க, அது சொல்லும்" என்று எழுந்துபோனார்.

செடியையே கேட்டுவிடலாம் என்று நிலையத்து இயக்குநர் அம்மாள் முடிவு செய்தார். ஏரிச் செடியையும் குவாரிச் செடியையும் ஒரே அளவாக நறுக்கி, ஒரே கிணற்றுத் தண்ணீரில், பக்கத்தில் பக்கத்தில் வளர்ப்பது. ஏரிச் செடி மட்டும் ஓங்கி வளர்ந்தால் பெரிய டாக்டர் சொன்னது மெய். எல்லாம் ஒரே உயரம் நின்றால் சின்னவர் சொன்னது மெய். சின்னவர் ஜெயித்தால் ஏரித் திட்டத்துக்கு அவர்தான் தலைவர், பெரியவர் அவருக்குக் கீழே. தோற்றால், சின்னவர் வேலையோ தற்காலிக வேலை. ஆகாயத்தாமரை இன்னும் எட்டிப் பார்க்காத மலை ஏரிக்குக் காவல் காக்கப் போக வேண்டியதுதான்.

நிலையத்துச் செடிக் கொட்டகையின் கண்ணாடிக் கூரை உடைந்து கிடந்ததால் தொட்டிகளை டாக்டர்கள் வீட்டுக் கொல்லையிலேயே வைத்தார்கள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. "ரெண்டு பேருக்கும் வேண்டியவங்க நீங்க ஒருத்தர்தான்" என்றார் இயக்குநர் அம்மாள். அக்காவை அதுவரை ஒருவருக்கு வேண்டியவள் என்றுகூட யாரும் சொன்னதில்லை.

விதிமுறைகளை எழுதியவர் பெரிய டாக்டர். ஏரிச் செடியின் வேரடியில் சிவப்பு நூல், குவாரிச் செடிக்கு வெள்ளை நூல். தண்ணீருக்குள் கறுப்பு வேர்க்கற்றை மறைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. முதல் நாள் சிவப்பு நூல் தொட்டிகள் மதிலோரம் கிழக்கு வரிசை, வெள்ளை நூல் மேற்கு வரிசை. அதன் பிறகு வாரம் ஒருமுறை காசைச் சுண்டிப் பூவா தலையா பார்க்க வேண்டும். பூ விழுந்தால் சும்மா விடலாம். தலை விழுந்தால் கிழக்கு வரிசையை மேற்கேயும் மேற்கு வரிசையைக் கிழக்கேயும் மாற்ற வேண்டும். ஒரு வரிசைக்கே வெயில் கிடைத்துவிடக் கூடாது, எது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவும் கூடாது. விதி அவருடையது. இடுப்பு அக்காவுடையது.

பாதியாக அறுத்த டிரம்களில் தண்ணீர் தளும்பும். தூக்கும்போது பாதி அவள் புடவையில்தான் ஊற்றும். கொசுப்புழு நெளியும், பாசி வழுக்கும். அவள் ஒரு தொட்டியை நகர்த்தி நிமிரும்போதெல்லாம் மாடிக் கைப்பிடிச்சுவர் கண்ணில் படும். அங்கே தங்கை தலையை உலர்த்திக்கொண்டிருப்பாள். பக்கத்தில் சின்ன டாக்டர் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். அதுவும் உதறி, சுருக்கம் எடுத்து, ஓரம் பார்த்து.

"அக்கா, நான் வந்து ஒரு கை பிடிக்கட்டுமா?"

"வேணாம்டி. உன் கை பட்டா உன் வீட்டுக்காரர் பக்கம் சாஞ்சு வளந்துச்சும்பாங்க."

"அப்ப இவரை அனுப்பவா?"

"அவருக்கு இன்னும் தலையணை உறை பாக்கி இருக்கு போலிருக்கே. அதை முடிக்கச் சொல்லு."

தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் சின்ன டாக்டர் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அக்கா அடுத்த தொட்டியைத் தேவைக்கு மேல் வேகமாக இழுத்தாள். பெரிய டாக்டர் இந்த நேரத்தில் உள்ளே நாற்காலியில் இருப்பார். அவர் கொல்லைப்புறம் வந்ததே இல்லை. செடி ஆராய்ச்சிக்காரர் செடி இருக்கும் இடத்துக்கு வரவேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

ஒரு நண்பகலில் கடைக்குப் போன அக்கா முட்டையோடு பின்வாசல் வழியாக வந்தாள். கொல்லையில் வெள்ளை அங்கியோடு ஓர் உருவம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. பெரிய டாக்டர். ஒரு கையில் யூரியாப் பொட்டலம், மறு கையில் ஸ்பூன். கிழக்கு வரிசையில் தொட்டிக்கு ஒரு ஸ்பூனாக, மருந்து கொடுப்பதுபோலப் போட்டுக்கொண்டே போனார். அவருக்கு டாக்டர் என்ற பட்டம் அன்றைக்குத்தான் பொருந்திற்று.

அக்காவுக்கு முதலில் உறைத்தது, அது தன் டீ ஸ்பூன் என்பதுதான். அடுத்து உறைத்ததில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. போன வாரம் தலை விழுந்திருந்தது. கிழக்கே நிற்பவை குவாரிச் செடிகள். அவள் எங்கே காசு சுண்டி, எங்கே தொட்டி தூக்கப் போகிறாள் என்று இந்த மனிதர் நினைத்துவிட்டார். தான் எழுதின விதியைத் தன் மனைவி கடைப்பிடிப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் முட்டையை உடையாமல் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பித் தெருவாசலைச் சுற்றி உள்ளே போனாள். சொன்னால் என்ன ஆகும்? புருஷன் முகத்தில் கரி. சின்னவர் தலைவர். மேலே இருப்பவள் தலைவர் பெண்டாட்டி. இப்போதே வீட்டுக்குத் தண்ணீர் விடுகிற மாடித் தொட்டியின் சாவி அவளிடம்தான். சொல்லாவிட்டால்? அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். மாடி காலி. துணி உலர்த்துகிற அந்தக் காட்சியும் காலி. அக்கா ஸ்பூனைக் குப்பையில் போட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

யூரியா கண்ட செடிகள் விடவில்லை. சாணாக இருந்தது முழமாயிற்று, இலை முகம் துடைக்கலாம் போல விரிந்தது. பெரிய டாக்டர் பாட்டு முனக ஆரம்பித்தார். மாடியிலிருந்து பார்த்த சின்ன டாக்டர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். இதற்கிடையே இன்னொரு தலை விழுந்தது. அன்று சாயங்காலம், பாட்டு முனகிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பெரிய டாக்டருக்குப் பாட்டு பாதியில் நின்றது.

"ஏய், இங்க வா. பெரிய செடியெல்லாம் மேற்கால நிக்குது?"

"தலை விழுந்துச்சு. மாத்தினேன்."

"நீ நிஜமாவே மாத்துறியா?"

"நீங்கதானே எழுதி ஒட்டினீங்க."

"அது சரி. அது சரிதான். இதுக்கு முன்னாடியும் மாத்தியிருக்கியா?"

"சில வாரம் பூ விழும். சில வாரம் தலை விழும்."

"இல்ல, அந்த நடுவாரம்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"எந்த நடுவாரம்?" என்றாள் அக்கா, வெங்காயத்தை உரித்துக்கொண்டே. "அன்னிக்கு ஏதாவது விசேஷமா?"

"ஒண்ணுமில்ல. பொதுவாக் கேட்டேன். அறிவியல்னா எதையும் கேட்கணும்."

கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அன்றிலிருந்து அவர் முனகியது பாட்டல்ல.

தீர்ப்பு நாளுக்கு முந்தைய மத்தியானம் தங்கை இறங்கி வந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து தானும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டாள்.

"தோத்துருவோம்போல இருக்குக்கா. பாதித் தொட்டி குள்ளம், பாதித் தொட்டி ராட்சசன். ஒரே உயரம் வரும்னாரே இவரு."

"பாவம்" என்றாள் அக்கா. நன்றாகத்தான் சொன்னாள்.

"முதல்ல அழுகையா வந்துச்சு. அப்புறம் இவரு மலைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தாரு. எனக்கே இப்ப தோத்தாத் தேவலாம்னு இருக்கு."

அக்காவின் கை கீரைத்தண்டில் நின்றது. "ஏன்?"

"தனி பங்களாவாம்க்கா. ஜன்னலைத் திறந்தா ஏரியாம். தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குமாம், அடியில கிடக்குற கூழாங்கல்லை எண்ணலாமாம். கொசுவே கிடையாதாம். பகல்லயே போர்வை கேக்குமாம். தோட்டத்துக்கு ஆள், வேலைக்கு ஆள். நான் ஸ்வெட்டர்கூடப் பின்ன ஆரம்பிச்சுட்டேன். உனக்கும் ஒண்ணு பின்னவா?"

"எனக்கு எதுக்குடி? இங்க அடிக்கிற புழுக்கத்துக்கு ஸ்வெட்டர் ஒண்ணுதான் குறைச்சல்."

"ஆமால்ல" என்று தங்கை சிரித்தாள். ஆய்ந்த கீரையைவிட ஆயாத கீரையைத்தான் அவள் முறத்தில் அதிகம் போட்டிருந்தாள். சின்ன வயசிலிருந்தே அப்படி. ஆனால் பாராட்டு அவளுக்குத்தான் கிடைக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் சோறு குழைந்தது, கீரை தீய்ந்தது. பெரிய டாக்டர் இரண்டையும் கவனிக்காமல் சாப்பிட்டார். அவருக்குத் தன் கவலை.

மறுநாள் இயக்குநர் அம்மாள் நிலையத்து ஆட்களோடு வந்தார். கொல்லையில் நாற்காலி போட்டார்கள். ஓங்கி வளர்ந்த செடியை முதலில் தூக்கினார்கள். கறுப்பு வேரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அக்கா விரலால் விலக்கினாள்.

வெள்ளை நூல்.

அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும். குள்ளமாக நின்ற எல்லாவற்றிலும் சிவப்பு. சின்ன டாக்டர் குனிந்து நூல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். எல்லாம் சமமாக இருக்கும் என்று சொன்னவர் அவர், சமமாக இல்லை. ஏரிச் செடிதான் ராட்சதன் என்றவர் பெரியவர். ஏரிச் செடி சாண் உயரத்தில் நின்றது. இருவரும் தோற்ற ஒரு நிமிட நேரம் அந்தக் கொல்லையில் நிலவியது. சாதாரண மனிதனாக இருந்தால் அந்த நிமிடத்தில் தலையைக் குனிந்திருப்பான். பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நான் எதிர்பார்த்ததே இதுதான்."

"நீங்க வேற மாதிரி சொல்லியிருந்தீங்களே?"

"வார்த்தை வேற, கருத்து ஒண்ணு. குவாரியில தலைமுறை தலைமுறையாப் பட்டினி கிடந்த இனம் இது. பட்டினி அதைத் தீட்டியிருக்கு. நல்ல தண்ணி கண்டதும் பாயுது. ஏரியில தின்னு பழகினது சோம்பேறி ஆயிடுச்சு. இது பரிணாமத்தோட புது அத்தியாயம். இந்தக் குவாரி இனத்துக்குத்தான் பேர் வைக்கணும்."

ஏரியிலிருந்து தன் பெயரைப் பிடுங்கிக் குவாரியில் நட அவருக்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. யூரியா போட்ட கையாலேயே அபிநயமும் பிடித்தார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. இயக்குநர் அம்மாள் மெல்லத் தலையாட்டினார்.

"எப்படியோ, ரெண்டும் ஒண்ணு இல்லன்னு ஆயிடுச்சு. சின்ன டாக்டர், வருத்தப்படாதீங்க. நீங்க மலைக்கு..."

அக்கா நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். தங்கை கைப்பிடிச்சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முகத்தில் வருத்தம் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தது. உதட்டின் ஓரம் மட்டும் ஏற்கெனவே மலையில் இருந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றாள் அக்கா. "இந்தத் தொட்டிங்களுக்கு இவரு யூரியா போட்டாரு."

"நானா?" என்றார் பெரிய டாக்டர்.

"நீங்கதான். என் டீ ஸ்பூன்ல. ஏரிச் செடின்னு நினைச்சுக் கிழக்கு வரிசைக்குப் போட்டீங்க. அன்னிக்குக் கிழக்க நின்னது குவாரிச் செடி."

கொசு பாடுவது கேட்டது. சின்ன டாக்டர் தொட்டித் தண்ணீரைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். அப்புறம் அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. "அம்மா, அப்ப அந்தக் குவாரிக் குள்ளன்... சோத்தைக் கண்டதும் ராட்சசனாயிட்டான். ஏரி ராட்சசன் வெறும் கிணத்துத் தண்ணியில குள்ளனாயிட்டான். செடி மாறல. சாப்பாடுதான் மாறியிருக்கு. அண்ணா, நான் நடத்தியிருந்தாக்கூட இவ்வளவு தெளிவா நிரூபிச்சிருக்க முடியாது!"

பெரிய டாக்டருக்கு அந்த நன்றிதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

இயக்குநர் அம்மாள் அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். "புருஷன்னுகூடப் பார்க்காம உண்மையைச் சொன்னீங்களே. உங்களை மாதிரி நாலு பேர் போதும்மா." ஆட்கள் அக்காவைக் கோயில் சிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அக்கா தலைகுனிந்து நின்றாள். இனி தங்கை இங்கேயே இருந்து இதே புழுக்கத்தில் வேகட்டும்.

"அப்ப எல்லாம் ஒரே செடிதான்" என்று இயக்குநர் அம்மாள் யோசித்துக்கொண்டே சொன்னார். "அப்படின்னா சாக்கடை விழுறவரைக்கும் இந்த ஏரி போனது போனதுதான். மலை ஏரியைக் காப்பாத்துறதுதான் இனிமே முதல் வேலை. ஒரு துண்டு அங்க போனாலும் முடிஞ்சுது. சின்ன டாக்டர், காவலுக்கு இல்ல, அந்த நிலையத்துக்குத் தலைவராவே போங்க. பக்கத்துல இருக்குற பெரிய பங்களாவை ஒழிச்சுத் தரச் சொல்றேன்."

மாடியிலிருந்து "அக்கா!" என்று ஒரு கூச்சல். தங்கை படிகளில் தடதடவென்று இறங்கி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "எனக்காகத்தானே சொன்னே? எனக்காகத்தானே?"

அதன் பிறகு பெரிய டாக்டர் மனைவியோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினார். மேலே பெட்டிகள் கட்டுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டது.

லாரி வந்த காலையில் அக்காவுக்குக் கொல்லையில் வேலை. தொட்டிச் செடிகளையெல்லாம் கவிழ்த்துக் காயவைத்து எரிக்கச் சொல்லியிருந்தார்கள். தங்கை மேலிருந்து கூவினாள். "அக்கா, மலையில எங்களுக்கு ஏரியைப் பார்த்த மாதிரியே சமையலறையாம்! பாத்திரம் கழுவிக்கிட்டே பார்க்கலாம்!" அக்கா நிமிரவில்லை. கையில் விரல் நீளக் கொடியொன்று, நுனியில் ஒற்றை இலையோடு இருந்தது. பக்கத்தில், கொல்லை வாசற்படியில், சாமான்களோடு தங்கையின் வாளி நின்றது. அதற்குள் தரை துடைத்த துணி, இன்னும் ஈரம் காயாமல். அவள் குனிந்தாள், நிமிர்ந்தபோது கை வெறுங்கையாக இருந்தது.

லாரி போனபின் வீடு பெரிதாகிவிட்டது. பெரிய டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவ வாளியில, ஈரத் துணிக்குள்ள, நான் ஒரு துண்டை வெச்சுட்டேன்."

அவர் நிமிர்ந்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் ஏதோ ஒன்று எழும்பியது. கண்ணாடி ஏரி, அதன் நடுவில் ஓர் இலை, சகலையின் தலைமை. அந்த இனிப்பு ஒரு கணம் அவர் கடைவாயில் ஊறியதை அக்கா பார்த்தாள். தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

"எத்தனை துண்டு?"

"ஒண்ணே ஒண்ணு. இத்துனூண்டு."

பெரிய டாக்டர் மாடிப்படியைப் பார்த்தார். பிறகு, "ஒண்ணு போதும்" என்றார். சகலை சொன்னதை ஒத்துக்கொள்ளும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் இருக்கத்தான் அவர் வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார். எழுந்து செருப்பைத் தேடினார். "ஸ்கூட்டர் சாவி எங்க?"

அக்கா அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த துண்டுகளில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மலையடிவாரத்தில் லாரிக்காரர்கள் இஞ்சின் ஆற்ற நிறுத்தும் டீக்கடை ஒன்று உண்டு. லாரி அங்கே நின்றது. இருவரும் புழுதியோடு போய் இறங்கியதைப் பார்த்துச் சின்ன டாக்டர் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"அண்ணா! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல, சகலை. இவதான்... துணி விஷயமா..."

"என்ன துணி?" என்று தங்கை லாரியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"துடைக்கிற துணிடி" என்றாள் அக்கா, மூச்சிரைக்க. "வாளியில நாத்தம் புடிச்ச துணியை வெச்சுட்டேன். புது வீட்டுக்கு அதையா கொண்டு போவே? இந்தா, இதை வெச்சுக்கோ."

லாரியின் பின்பக்கம் ஏறி வாளியிலிருந்து ஈரத்துணியை எடுத்துச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். தங்கை கையில் இருந்த புதுத்துண்டைப் பிரித்துப் பார்த்தாள். அது அக்கா யாருக்கும் எடுக்காமல் வைத்திருந்த பூப்போட்ட துண்டு. அவசரத்தில் கையில் வந்தது அதுதான்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" தங்கையின் கண் தளும்பிவிட்டது. அழும்போதுகூட அவளுக்கு மூக்கு சிவக்காது. "உன்னை மாதிரி யாருக்குக்கா அக்கா கிடைப்பாங்க?"

"சரி சரி, போ. பனி விழுறதுக்குள்ள ஏறிடுங்க."

லாரி வளைவில் மறையும்வரை நின்றார்கள். அக்கா துணியைப் பிரித்தாள். செடித் துண்டு இருந்தது, இலைகூடக் கசங்காமல். பெரிய டாக்டர் அதை இரண்டு விரலால் எடுத்து ஸ்கூட்டரின் சைலன்சர் மேல் வைத்தார். முதலில் தண்ணீர் கொதித்தது, பிறகு சுருண்டது, பிறகு கருகி ஒரு வாடை வந்தது. அது கரியாகும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார்கள்.

"பங்களா நம்ம வீடு மாதிரி மூணு மடங்காம்" என்றாள் அக்கா, பின்சீட்டிலிருந்து.

"நாலு மடங்கு. நான் பார்த்திருக்கேன். அந்த இடம் வேணும்னு நான் ரெண்டு தரம் கேட்டேன். குடுக்கல."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"சொன்னா நீ பொருமுவேன்னு விட்டுட்டேன்." அவர் ஒரு மாட்டுவண்டியை ஒதுக்கினார். "டீக்கு அவன் நமக்கும் சேர்த்துக் காசு குடுத்துட்டான், பார்த்தியா? நான் பைக்குள்ள கை விடறதுக்குள்ள."

"பார்த்தேன். அவ எப்படி நின்னா, பெருமையா! என் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு."

"அந்தப் பூப்போட்ட துண்டா?"

"அதேதான்."

"அடப்பாவமே" என்றார் அவர். நிஜமாகவே வருத்தப்பட்டார். அக்கா சற்று முன்னால் நகர்ந்து அவர் தோளில் கைவைத்தாள், காதில் விழ வேண்டுமே என்று. வீடு வந்து சேரும்வரை இருவருக்கும் பேச விஷயம் இருந்தது.